அச்சுவேலி: சமய வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில், கோப்பாய்ப் பிரதேச செயலர் பிரிவில் உள்ள ஊர் அச்சுவேலி. சைவர் பெரும்பான்மையினர். கத்தோலிக்கரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். புரட்டஸ்தாந்துக் குடும்பங்களும் உண்டு. உலவிக்குளம் பிள்ளையார் கோயிலும் புனித சூசையப்பர் தேவாலயமும் ஊரின் இரு முகங்கள்.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்துத் தேவாலயங்களை எழுப்பினர். 1658இல் வந்த ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, அத்தேவாலயங்களைத் தம் சபைக்கு எடுத்துக்கொண்டனர். 1672இல் வெளியான பால்டேயஸ் பாதிரியாரின் நூல் வலிகாமத் தேவாலயங்களுள் அச்சுவேலியையும் சொல்கிறது. அக்காலத்து ஞானஸ்நானப் பதிவுகளை நம்பி மக்களின் சமயத்தைக் கணிப்பது தவறு. உத்தியோகத்துக்காகவும் உரிமைக்காகவும் பெயர் பதிந்த பலர் வீட்டில் சைவராகவே இருந்தனர். ஆங்கிலேயர் காலத்தில் கட்டாயம் நீங்கியதும் கோயில்கள் மீண்டும் எழுந்தன. ஒளிந்து வழிபட்டுவந்த கத்தோலிக்கரும் வெளியே வந்தனர். ஆறுமுக நாவலரின் சைவப்பணியும் மிஷனரிகளின் கல்விப்பணியும் பின்னர் எதிரெதிரே வளர்ந்தன.

இந்தப் போட்டி ஒரே குடும்பத்துக்குள் எப்படிக் கலந்தது என்பதற்கு அச்சுவேலி நல்ல சான்று. மானிப்பாயில் 1875இல் சைவக் குடும்பத்தில் பிறந்த வைத்திலிங்கம் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் அச்சுவேலிக் கத்தோலிக்கரான ச. தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். கத்தோலிக்கராக வளர்ந்த அச்சிறுவனே பன்மொழிப் புலவர் சுவாமி ஞானப்பிரகாசர். தம்பிமுத்துப்பிள்ளை எழுத்தாளர், இதழும் நடத்தியவர். ஞானப்பிரகாசரின் ‘யாழ்ப்பாண வைபவ விமர்சனம்’ 1928இல் அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில்தான் அச்சானது. குடாநாட்டின் சைவ அரசர்களை ஆராய்ந்த அந்நூலை எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது இம்மண்ணின் பெருமை. தம்பிமுத்துப்பிள்ளையின் பேரனும் லண்டனில் புகழ்பெற்ற கவிஞருமான மே. ஜே. தம்பிமுத்து பிறந்ததும் அச்சுவேலியில்தான்.

உள்நாட்டுப் போரின்போது 1995இல் நேர்ந்த வலிகாம இடப்பெயர்வு எல்லாச் சமயத்தாரையும் ஒருங்கே ஊரைவிட்டுக் கிளப்பியது. திரும்பி வந்தவர்களின் உதவியோடு வெளிநாடு போனவர்களின் உதவியும் கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் வந்துசேர்கிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ் மாவட்டத்தில் ஐவரில் நால்வருக்கும் மேல் இந்துக்கள். ஏறத்தாழ அறுவரில் ஒருவர் கிறிஸ்தவர். மாவட்டக் கணக்கு ஊரின் கலப்பைக் காட்டாது. கோயில் கணக்கேடுகளும் தேவாலயப் பதிவேடுகளும் செல்லரிக்குமுன் அவற்றைத் தொகுப்பது அச்சுவேலியார் உடனே செய்யவேண்டிய பணி.