ஊவாத் தோட்டங்களும் பேணற் கடமையும்

நோயுற்றோரையும் தாயையும் சேயையும் பேணுதல் அறமெனக் கொள்ளப்படுவது. அவ்வறம் சட்டத்தின் கட்டளையாக மாறும்பொழுது, கடமை யாருடையது, அது தவறுமிடத்து யாரிடம் முறையிடுவது என்னும் இரு வினாக்கள் எழுகின்றன. பதுளையைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களின் வரலாறு இவ்வினாக்களுக்குத் தரும் விடை சிந்தித்தற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து வந்தோரிற் பலர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் எண்ணற்றோரை வழியிலேயே மாய்த்தன. 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இப்பின்னணியிலேயே பிறந்தது. தொழிலாளியின் மரணம் தோட்டத்தின் இழப்புமாகும்; ஆகவே இச்சட்டத்தின் தோற்றத்தில் இரக்கமும் இலாபமும் கலந்தே நின்றன எனலாம்.

கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதனிடத்தைப் பெற்ற காலத்தில், 1886இல், ஊவா தனி மாகாணமாயிற்று. 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தோட்ட அத்தியட்சகரின் கடமைகளை வகுத்துரைத்தது. லயங்களைச் சுகாதார நிலையில் வைத்திருத்தல், நோயாளர் எவரென அறிந்து ஆவன செய்தல், பிரசவித்த பெண் தொழிலாளிக்குக் குறித்த காலம்வரை உணவும் உறைவிடமும் அளித்தல், ஓராண்டு நிறையாத குழந்தைகள் தக்க பராமரிப்புப் பெறுவதை உறுதிசெய்தல் என்பன அவற்றுட் சில.

ஏட்டளவில் இவை சிறந்தனவே. ஆயின், பெரட்டுக்களத்தில் ஆள் குறைவதால் நட்டமடையும் துரையே, அன்று எவர் நோயாளி என்பதைத் தீர்மானிக்கும் நிலையிலும் இருந்தார். பேணுவோனும் வேலை வாங்குவோனும் ஒருவனேயாயின், பேணுதல் உரிமையாகாது, தயவாகவே எஞ்சும். 1924இலேயே புகையிரதம் பதுளையை எட்டிற்று. மலைச்சரிவுத் தோட்டங்களிலிருந்து நகர வைத்தியசாலை அதன் பின்னரும் தொலைவிலேயே இருந்தது.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், தாய்மைப் பராமரிப்பைக் கோரிப் பெறத்தக்க உரிமையாக்க முயன்றது. எனினும் 1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். உரிமையை வற்புறுத்திக் கேட்பதற்கான அரசியற் குரல் இவ்வாறு ஒடுக்கப்பட்டது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஒவ்வொரு கைம்மாற்றத்தின்போதும் நிலத்தின் பொறுப்பு தெளிவாக எழுதப்பட்டது. மனிதரின் பொறுப்போ அரசுக்கும் நிருவாகத்துக்கும் இடையே சிதறியது.

இச்சிதறலின் விளைவைக் கொஸ்லந்தை மீரியபெத்தை காட்டிற்று. அங்குள்ள லயங்கள் ஆபத்தான சரிவில் உள்ளன என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றிடம் இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்தை அறிந்தவர்க்கு அகற்றும் கடமை இல்லை; கடமை உடையவர் அறிந்தும் வாளாவிருந்தனர்.

சட்டம் இன்மையால் விளைந்த துயரன்று இது. 1872 முதலே சட்டம் இருந்தது. கடமையை வகுத்தோர், அதனைக் கேட்கும் அதிகாரத்தைப் பேணப்படுவோர் கையில் அளிக்கவில்லை. அவ்வதிகாரம் அவர்களைச் சேரும்வரை, பேணற் கடமை ஏட்டிலேயே வாழும்.