கள ஆய்வு நாவல்

கள ஆய்வு நாவல் என்பது, ஒரு தொழிலையோ சமூகத்தையோ நேரில் சென்று கண்டு, அம்மக்களிடம் கேட்டறிந்தவற்றைக் கதையாக்கும் புனைவு வகை. தமிழில் இவ்வகையின் முதன்மை எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் (1925–2014). முசிறியில் பிறந்து, 15 வயதில் மணமாகி, கல்லூரிப் படிப்பே இல்லாத இவர், சமூகவியலாளர் செய்ய வேண்டிய வேலையை நாவல் வழியே செய்தார்.

மின்பொறியாளரான கணவரின் பணி இவரை நீலகிரிக்குக் கொண்டு சேர்த்தது. அங்கே வாழும் படகர் சமூகத்தினரோடு பழகியதன் விளைவு ‘குறிஞ்சித் தேன்’ (1963). 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சிதான் இந்நாவலின் காலக்கணக்கு. ராகியும் சாமையும் விளைந்த மண்ணில் தேயிலை ஏறுகிறது. கையில் காசு புழங்கத் தொடங்கியதும் உறவுகள் நிறம் மாறுகின்றன. பணப்பயிரின் வருகை என்று அறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடுவது, இங்கே ஒரு ஹட்டியின், அதாவது படகர் ஊரின், வீடுகளுக்குள் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

இவருடைய முறை எளியது. களத்துக்குப் போவார்; உழைப்பவர்களின் வீடுகளில் உட்கார்ந்து பேசுவார்; அத்தொழிலுக்கே உரிய சொற்களைக் கற்றுக்கொண்ட பிறகே எழுதுவார். எங்கே போனார், யார் உதவினார்கள் என்பதை முன்னுரையில் சொல்லிவிடுவார். அந்த முன்னுரைகளைத் தாண்டிக் கதைக்குள் போய்விடக் கூடாது.

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய ‘கரிப்பு மணிகள்’ (1979) இவ்வகையின் உச்சம். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது; பாத்தி நீர் காலைப் புண்ணாக்குகிறது. அளத்துக்கு வேலைக்குப் போகும் பொன்னாச்சிக்கு வெயிலோடு மேலாள்களின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. கூலி, சாதி, பெண்ணுடல் மூன்றும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பதை இந்நாவல் அளவுக்குக் காட்டிய ஆய்வேடுகள் குறைவு.

தஞ்சை விவசாயக் கூலிகளைப் பற்றிய ‘சேற்றில் மனிதர்கள்’, பண்ணையார்களை எதிர்த்து நின்ற மணலூர் மணியம்மையின் வாழ்வைச் சொல்லும் ‘பாதையில் பதிந்த அடிகள்’ ஆகியவையும் இந்த வரிசையில் வருபவை. மணியம்மையை அறிந்திருந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டு எழுதியது பின்னது. இவர் அப்படி அலைந்திராவிட்டால் அந்தப் பெயர் இன்று பலருக்குத் தெரிந்திருக்காது.

தகவல் கதையை அமுக்கிவிடுகிறது என்பது இவ்வகையின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டு. சில இடங்களில் அது உண்மை. பாத்திரத்தின் வாயில் ஆசிரியரின் கருத்து வந்து நிற்கிறது. ஆனால் உப்பு வாருகிறவர்கள் தமிழ் நாவலுக்குள் வரவே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் அது சிறிய குறை.

வெளியிலிருந்து வருபவரின் பார்வை எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்வி இதைவிடப் பெரியது. தென்கடற்கரை மீனவர்களைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் ‘அலைவாய்க்கரையில்’ (1978) எழுதினார். 26 ஆண்டுகளுக்குப் பின், அந்தக் கடற்கரையிலேயே பிறந்த ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004) எழுதினார். முதலாவதில் கரையின் நியாய அநியாயம் தெளிவு. இரண்டாவதில் கடலே பேசுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கே அந்தச் சமூகம் முழுமையாகப் பிடிபடும்.

‘வேருக்கு நீர்’ நாவலுக்காக 1973இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராஜம் கிருஷ்ணனின் நூல்களைத் தமிழக அரசு 2009இல், அவர் வாழ்ந்தபோதே, நாட்டுடைமையாக்கியது. புதிதாகப் படிக்க வருபவர்கள் ‘கரிப்பு மணிகள்’ நாவலிலிருந்து தொடங்கலாம்.