பழுதின் வரலாறு: ஒரு பழைய வெற்றிட எக்கியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கடந்த மூன்று மாதங்களாக என் ஆய்வுப்பணி ஏன் நகரவில்லை என்று வினவிய நண்பர்களுக்கும், அறிவியல் வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கும் சேர்த்தே இப்பதிவை எழுதுகிறேன். சற்று நீளமானது, பொறுத்தருள்க.

திருப்பதியில் நான் பணியாற்றும் ஆய்வகத்தில் மென்படலங்களைப் படியவைக்கும் கலம் ஒன்று உள்ளது. அதிலுள்ள காற்றை இரு கட்டங்களாக வெளியேற்ற வேண்டும். முதற்கட்டப் பணி சுழல்தகட்டு எக்கியுடையது. அது அழுத்தத்தை ஏறத்தாழ 0.1 மில்லிபாருக்குக் கீழே கொண்டுவந்த பின்னரே பரவல் எக்கியை இயக்க முடியும். எங்கள் சுழல்தகட்டு எக்கி நின்றுபோயிற்று. புதிது வாங்க நல்கைத்தொகை போதாமையால், பிறர் பயன்படுத்திக் கைவிட்ட எக்கி ஒன்றை வாங்கினோம். மோட்டார் நன்றாகவே ஓடியது. ஆனால் அழுத்தம் 2 மில்லிபாருக்குக் கீழே இறங்கவில்லை. மட்டம் காட்டும் கண்ணாடி வழியே பார்த்தால், எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தது.

இக்கருவியின் அமைப்பு எளியது. உருளை வடிவ அறைக்குள் மையம் விலகி ஒரு சுழலி அமைந்திருக்கும். சுழலியின் பள்ளங்களில் நழுவி நகரும் தகடுகள் அறைச்சுவரைத் தொட்டபடியே சுற்றும். ஒருபுறம் இடம் விரிந்து காற்றை உள்ளிழுக்கும். மறுபுறம் இடம் சுருங்கி, அக்காற்றை அழுத்தி வால்வு வழியே வெளித்தள்ளும். இவ்வெண்ணம் மிகப் பழையது. 1588இல் இத்தாலியப் பொறியாளர் அகொஸ்தீனோ ராமெல்லி வெளியிட்ட இயந்திர நூலிலேயே, நீர் இறைப்பதற்காக நழுவும் தகடுகள் கொண்ட பொறி வரையப்பட்டுள்ளது. ஆயினும் 1650களில் ஜெர்மனியின் மக்டபர்க் நகரத்து ஓட்டோ ஃபொன் கெரிக்கே காற்றை வெளியேற்ற முனைந்தபோது கையாண்டது உந்துதண்டுப் பொறியையே. நீரைத் தடுக்கும் இடுக்குகள் காற்றைத் தடுப்பதில்லை.

அந்த இடுக்கை அடைத்தது எண்ணெய். 1890களில் இங்கிலாந்தின் ஹென்றி ஃப்ளூஸ் தம் உந்துதண்டு எக்கியில் எண்ணெயை அடைப்பாகப் பயன்படுத்தினார். 1905இல் ஜெர்மானிய இயற்பியலாளர் வொல்ஃப்காங் கேடே பாதரசத்தால் இயங்கும் சுழல் எக்கியை அமைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் சுழலும் தகட்டையும் எண்ணெயையும் அவர் ஒருங்கிணைத்தார். கொலோன் நகரத்து லேபோல்டு நிறுவனம் அவருடைய எக்கிகளை உருவாக்கி விற்றது. இன்று உலகெங்கும் ஆய்வகங்களின் மூலைகளில் உறுமிக்கொண்டிருக்கும் எக்கிகள் பெரும்பாலும் அவ்வழி வந்தவை. அவற்றில் எண்ணெய் இடுக்கை அடைக்கிறது, உராய்வைக் குறைக்கிறது, வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது.

அந்த எண்ணெயின் பகை நீர். ஈரப்பதமுள்ள காற்றை எக்கி உள்ளிழுத்து அழுத்தும்போது, வெளிவால்வு திறப்பதற்கு முன்பே நீராவி துளியாகிவிடுகிறது. துளியான நீர் வெளியேறாமல் எண்ணெயோடு கலந்து, மீண்டும் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கிறது. இதற்குத் தீர்வு கண்டவரும் கேடேயே. அழுத்தும் கட்டத்தில் சிறு துளை வழியாக வெளிக்காற்றைச் சிறிதளவு உள்ளே விட்டால், நீராவி துளியாகும் முன்பே வால்வு திறந்துகொள்ளும். ஆவி ஆவியாகவே வெளியேறும். கேஸ் பேலஸ்ட் எனப்படும் இவ்வமைப்பு 1935ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாஜி ஆட்சி ஏற்பட்டபின் கார்ல்ஸ்ரூஹேயில் தம் பேராசிரியர் பதவியை இழந்த ஒருவர் கண்ட தீர்வு இது என்பதையும் வரலாற்று மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் நூல்களில் முன்பே படித்திருந்தேன். ஆயினும் எங்கள் எக்கியின் நோயை நான் அறியவில்லை. அதை அறிந்தவர் சித்தூரில் பால் கறக்கும் இயந்திரங்களையும் குளிர்சாதனங்களையும் பழுதுபார்க்கும் முதிய மெக்கானிக் ஒருவர். கறவை மாடுகள் மிகுந்த அப்பகுதியில் பால் கறக்கும் இயந்திரத்திற்கும் தகட்டு எக்கியே வெற்றிடம் தருகிறது. அங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியைக் குறைத்தால் போதும். எங்களுக்கு வேண்டியது அதனினும் பல்லாயிரம் மடங்கு குறைந்த அழுத்தம். எனினும் உறுப்புகள் உறவுடையவை. எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தவர், மேல்மூடியருகே இருந்த திருகைத் தடவிவிட்டுச் சொன்னார்: "தண்ணி குடிச்ச எண்ணெய் தம்பி இது. மூச்சு விடுற ஓட்டைய எவனோ அடைச்சு வெச்சிருக்கான்."

உண்மைதான். கேஸ் பேலஸ்ட் துளை பசையிட்டு நிரந்தரமாக மூடப்பட்டிருந்தது. அத்துளை திறந்திருக்கையில் எக்கியால் எட்டமுடிந்த அழுத்தம் சற்று உயரும். அதைக் கசிவு என்று கருதிய யாரோ ஒருவர், நல்ல எண்ணத்தோடே அடைத்திருக்க வேண்டும். அத்துளை எதற்கு என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதன்பின் எக்கி உள்ளிழுத்த ஈரமெல்லாம் எண்ணெயிலேயே தங்கிற்று.

எஞ்சிய வேலை பொறுமையைக் கேட்டது. எண்ணெயை முழுதும் வடித்தோம். பிசினாக இறுகிய படிவில் ஒரு தகடு பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. வெளிவால்வின் மெல்லிய நா விரிசல் கண்டிருந்தது. தகடுகளை எத்திசையில் இருந்தனவோ அத்திசையிலேயே மீண்டும் பொருத்தும்பொருட்டு ஒவ்வொன்றையும் குறியிட்டுக் கழற்றினோம். தண்டின் ஆயில் சீல் இறுகிப்போயிருந்தது. அதே அளவில் வேறொன்று சித்தூர் பேரிங் கடையொன்றில் கிடைத்தது. எஞ்சின் எண்ணெயின் ஆவியழுத்தம் மிகுதி என்பதால், வெற்றிட எக்கிக்குரிய எண்ணெயையே ஊற்றினோம். மோட்டாரின் சுழல்திசையைச் சரிபார்த்து, பேலஸ்ட் துளையைத் திறந்துவைத்து மூன்று மணிநேரம் ஓட்டியபின் துளையை மூடினோம். அளவு 0.04 மில்லிபாருக்கு இறங்கியது. மறுநாள் எண்ணெயை மீண்டும் மாற்றி ஓட்டியபோது 0.008ஐத் தொட்டது.

இதை ஒரு சொந்த அனுபவமாக மட்டும் நான் கருதவில்லை. இந்திய அறிவியல் வரலாற்றில் எக்கி ஒரு பெருந்திட்டத்தையே நிறுத்திவைத்ததுண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மேகநாத் சாகா சைக்ளோட்ரான் அமைக்க முனைந்தபோது, அமெரிக்காவின் பெர்க்லியில் லாரன்சிடம் பயின்ற நாக் சௌதுரி அப்பணியை ஏற்றார். காந்தத்திற்குரிய பொருள்கள் 1941இல் வந்துசேர்ந்தன. வெற்றிட எக்கிகளைச் சுமந்து வந்த கப்பலோ போரில் மூழ்கடிக்கப்பட்டது. எக்கிகளை இங்கேயே உருவாக்கும் முயற்சியில் அக்குழுவின் ஆண்டுகள் கழிந்தன. வரலாற்று நூல்களில் இது பெரும்பாலும் தாமதம் என்ற ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்த ஆண்டுகளில் பட்டறைகளில் இரும்பு கடைந்த கைகள் எவை, அவை கற்றுக்கொண்டது என்ன, கற்றது யாருக்குச் சென்றது என்னும் வினாக்களே எனக்கு முதன்மையாகத் தோன்றுகின்றன.

எங்கள் வட்டாரத்திலும் இவ்வினாக்கள் எழுகின்றன. 1954இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை மென்படல ஆய்வுக்குப் பெயர்பெற்றது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் ஆடி ஒளி மங்கும்போதெல்லாம், வெற்றிடக் கலத்துக்குள்தான் அதற்கு அலுமினியப் பூச்சு இடப்படுகிறது. இப்பணிகள் எதற்கும் எக்கி தேவை. எக்கிக்கு அதைத் திறக்கத் தெரிந்தவர் தேவை. ஆய்வகங்களின் இருப்புப் பதிவேடுகளோ பொதுவாக வாங்கிய நாளையும் விலையையும், கழித்துக்கட்டிய நாளையும் சொல்லும். இடைப்பட்ட இருபது, முப்பது ஆண்டுகளில் எத்தனைமுறை திறக்கப்பட்டது, எது உடைந்தது, எதைக்கொண்டு சரிசெய்யப்பட்டது என்பவை தொழில்நுட்ப உதவியாளர்களின் நினைவிலேயே இருக்கும். அவர்கள் ஓய்வுபெறும் நாளில் அந்நினைவும் வெளியேறிவிடும். எங்கள் எக்கியின் துளை அடைபட்டதற்குக் காரணம் இத்தகைய ஓர் இடைவெளியே.

கருவிகளின் வரலாற்றைக் கண்டுபிடிப்பின் வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். நம் நாட்டு ஆய்வகங்களைப் பொறுத்தவரை அதைப் பழுதுநீக்கத்தின் வரலாறாகவும் எழுத வேண்டும் என்பதே என் கருத்து. அதற்கான சான்றுகள் இன்னும் முற்றிலும் அழிந்துவிடவில்லை. உங்கள் துறையின் பழைய அலமாரிகளில் எண்ணெய்க்கறை படிந்த குறிப்பேடுகள் இருப்பின், கழிவுத்தாளோடு போட்டுவிடாதீர்கள். ஓய்வுபெற்ற உதவியாளர்கள் அருகில் வாழ்ந்தால், ஒரு மாலைநேரம் சென்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் எக்கியின் மேல்மூடியில் ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறேன். பேலஸ்ட் துளை எதற்காக, எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று அதில் தமிழிலும் தெலுங்கிலும் எழுதியுள்ளேன். கீழே எண்ணெய் மாற்றிய தேதி இருக்கிறது. அடுத்த தேதிகளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.