கார்பரேட்டரும் பெட்ரோல் மட்டமும்

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியில் எரிபொருள் தெளிக்கப்படவில்லை. கலத்தில் இருந்த லிக்ராயின் என்ற எரிபொருள் ஆவியாகும். அந்த ஆவியை ஏந்திய காற்று சிலிண்டருக்குள் போகும். குளிர் கூடினாலும் எஞ்சின் வேகம் மாறினாலும் கலவையின் அளவு தடுமாறியது.

இதற்கு விடை 1893-ஐ ஒட்டி இரண்டு நாடுகளில் கிடைத்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோங்கா இருவரும் எரிபொருளை நுண்துளை வழியே காற்றோட்டத்தில் தெளிக்கும் கார்பரேட்டரை உருவாக்கினர். துளையின் வாய்க்குச் சற்றுக் கீழே எரிபொருள் மட்டம் எப்போதும் நிற்க வேண்டும். உயர்ந்தால் எஞ்சின் நின்றிருக்கும்போதும் வழியும். தாழ்ந்தால் கலவை மெலியும். மட்டத்தைக் காக்க வந்ததுதான் மிதவை. அது ஏறும்போது ஊசி வால்வு மூடும், இறங்கும்போது திறக்கும். கார்பரேட்டர் ‘ஓவர்ஃப்ளோ’ ஆவதற்கான காரணங்களில் பெரும்பாலானவை இந்தச் சிறு அமைப்பைச் சுற்றியே இருக்கின்றன.

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் பெட்ரோல் தன் எடையாலேயே டேங்கிலிருந்து இறங்கியது. செங்குத்தான மேட்டில் அது கார்பரேட்டரை எட்டாததால் வண்டியைப் பின்னோக்கி ஏற்றியவர்கள் உண்டு. டேங்க் காரின் பின்பக்கம் போனபிறகு பம்ப் தேவைப்பட்டது. அதன் அழுத்தம் மிகுந்தால் ஊசி வால்வு மீறித் திறந்துகொள்ளும்.

குளிர்ந்த எஞ்சினை எழுப்புவது தனிச் சிக்கல். பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் போதும். ஆனால் குளிரில் பெட்ரோலின் இலேசான கூறுகள் மட்டுமே ஆவியாகும். ஆகவே கூடுதலாக ஊட்ட வேண்டும். பழைய மோட்டார் சைக்கிள்களில் ‘டிக்ளர்’ பொத்தானை அழுத்தி, மிதவையைத் தாழ்த்தி, வேண்டுமென்றே வழியவிட்டனர். கார்களில் சோக் காற்றைக் குறைத்தது. மோரிஸ் கார்களின் எஸ்யூ கார்பரேட்டரிலோ சோக்கை இழுத்தால் ஜெட் என்ற தெளிப்புத் துளைக் குழாய் கீழிறங்கிப் பெட்ரோல் கூடும். 1930-களில் அமெரிக்கக் கார்களில் தானியங்கிச் சோக் வந்தது.

சோக்கை இழுத்தபடியே திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்தால் பிளக் நனைந்து தீப்பொறி விழாது. அப்போது சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் திரும்பத் திரும்ப மிதிக்காமல் ஒரேயடியாக முழுவதும் அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். உள்ளே புகும் காற்று மிகுதிப் பெட்ரோலை வெளியேற்றும். வெயிலில் ஓடி நின்ற காரில் எஞ்சின் சூடு ஏறி, கார்பரேட்டர் பெட்ரோல் கொதித்துச் சிலிண்டர் பக்கம் வழிவதும் உண்டு. அதற்கும் இதே முறை உதவும். வெப்பம் கடத்தாத தடுப்புத் துண்டை அடியில் பொருத்துவது நிலையான தீர்வு.

தானே வழிந்தால் முதலில் ஊசி வால்வின் இருக்கையில் தூசியும் தேய்மானமும் உண்டா என்று பார்ப்பார்கள். அடுத்து மிதவையைக் குலுக்குவார்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. ஐயம் இருந்தால் வெந்நீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று கவனிப்பார்கள். பிறகு மிதவை மட்டம், இறுதியில் பம்ப் அழுத்தம். பெட்ரோல் வழியும் இடத்தில் தீயும் மின்பொறியும் ஆகாது.

1967-இல் ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் பாஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் தெளிப்பு இடம்பெற்றது. மாசு விதிகள் இறுகியபோது கார்பரேட்டரால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்தியாவில் 2000-க்குப் பின் கார்களிலிருந்தும், 2020-இல் பிஎஸ்-6 மாசு விதி வந்தபோது பெரும்பாலான புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் அது விடைபெற்றது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய கார்களைப் பேணுவோருக்கு இன்று எத்தனால் கலந்த பெட்ரோலும் ஒரு கவலை. அது பழைய ரப்பர்ப் பாகங்களைக் கெடுக்கும். ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பர் முனை ஊசியும் குழாய்களும் பொருத்தி, நெடுநாள் நிறுத்தும் முன் மிதவைக் கலத்தை வடித்துவிடுவது நல்லது.