பார்த்துத் திருடிய மரப்பின்னல்

ஜப்பானியக் கைவினை பற்றி எதை வாசித்தாலும் ஒரு சொல் என்னை மறித்து நிற்கும்: 'மிதே நுசுமு'. பார்த்துத் திருடு என்று பொருள். குரு வாய் திறந்து சொல்லித் தரமாட்டார். அவர் கை போகிற போக்கைப் பார்த்து நீயே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். குமிக்கோ எனும் மரக்கிராதிக் கலையும் பல தலைமுறைகளாக இப்படித்தான் கைமாறியது.

மெல்லிய மரச்சட்டங்களை ஆணியில்லாமல் ஒன்றோடொன்று கோத்துச் செய்வது குமிக்கோ. அதன் பழைய வடிவத்தைத் தேடுகிறவர்கள் நாரா அருகிலுள்ள ஹோரியூஜி கோவிலைக் காட்டுவார்கள். 1,300 ஆண்டுப் பழமையான அதன் பொன்மண்டபத்தின் மேல்தளக் கைப்பிடியில், ஸ்வஸ்திகத்தைக் கலைத்து நீட்டியது போன்ற பின்னல் இருக்கிறது. பிறகு முரோமாச்சி காலத்து ஷோயின் பாணி வீடுகள் வந்தன. காகிதம் ஒட்டிய ஷோஜிக் கதவுகளிலும், அறைகளுக்கு நடுவே தலைக்கு மேல் காற்றும் ஒளியும் புக வைத்த ரம்மா பலகைகளிலும் குமிக்கோ குடியேறியது.

பார்க்க ரொம்ப எளிது. 'அஸனோஹா' வடிவத்தை எடுத்துக்கொள்வோம். 'அஸா' எனும் நார்ச்செடியின் இலை அது. அந்தச் செடி வேகமாக, நேராக வளரும். அதனாலேயே குழந்தைகளின் உடையிலும் இந்த வடிவத்தைப் போட்டார்கள். சதுரக் கட்டம் ஒன்றுக்குள் அதைச் செய்ய ஒரு மூலைவிட்டம், நான்கு மடிப்புத் துண்டுகள், இரண்டு பூட்டுத் துண்டுகள், ஆக ஏழு துண்டுகள் வேண்டும். முனைகளை 45, 22.5, 67.5 பாகைகளில் சீவ வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் நிற்காது. ஒரு கதவில் இப்படி நூற்றுக்கணக்கான கட்டங்கள். ஆகவே கற்பவன் முதலில் கற்பது வடிவத்தை அல்ல, உளியும் இழைப்புளியும் தீட்டுவதை. மழுங்கிய கூர் ஹினோக்கி மரத்தின் நாரை நசுக்கிவிடும், வெட்டாது.

போருக்குப் பிந்தைய ஜப்பானில் அலுமினியச் சட்டச் சன்னல்களும் மேற்கத்திய அறைகளும் பரவின. ஷோஜி குறைந்தது, பட்டறையில் நின்று திருட ஆளும் குறைந்தது. மௌனம் ஒரு கல்விமுறையாக இருந்தது பக்கத்தில் மாணவன் நின்றவரைதான் என்று நினைக்கிறேன். அவன் போன பிறகு அது வெறும் மௌனம்.

அதை உடைத்தவர்களில் ஒருவர் தோஷியோ ஒதாத்தே. கதவுத் தச்சராகப் பயின்று, 1958இல் அமெரிக்கா சென்றவர். ஜப்பானிய மரவேலைக் கருவிகள் பற்றி 1984இல் ஆங்கிலத்தில் எழுதினார். பின்னர் ஜப்பானில் பயின்ற ஆஸ்திரேலியர் டெஸ் கிங், குமிக்கோ வடிவங்களை ஒவ்வொன்றாக, பாகை பாகையாக நூல்களாக்கினார். இன்று உலகின் பல மூலைகளிலும் குமிக்கோ கோக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைத் துரோகம் என்று யாராவது சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 22.5 என்ற எண்ணைப் புத்தகம் தரும். துண்டு சரியாக உட்காரும்போது விரலுக்குத் தெரியும் அந்த இறுக்கத்தை எந்தப் புத்தகமும் தராது. அதை இன்னமும் மரத்திடமிருந்துதான் திருட வேண்டியிருக்கிறது.