அரண்மனைக் காவலும் கடற்காவலும்: மாலத்தீவுப் படையின் வரலாற்று வளர்ச்சி

மாலத்தீவின் நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர் மட்டுமே. அதன் தனிப் பொருளாதாரக் கடற்பரப்போ, அதாவது மீன்வளம் முதலியவற்றின் மீது கரையோர நாட்டுக்கே உரிமை தரும் 200 கடல்மைல் எல்லைக்குட்பட்ட பகுதியோ, ஏறத்தாழ 9 லட்சம் சதுர கிலோமீட்டர். இத்தகைய நாட்டில் கடற்படைதான் முதலில் உருவாகியிருக்கும் என்று கருதத் தோன்றும். ஆனால் அங்கு முதலில் வேரூன்றியது தலைநகர் மாலேயில் ஆட்சியாளரைச் சூழ்ந்து நின்ற காவற்படையே. கடற்காவல் மிகவும் பிந்தி வந்தது. இந்த முரணே அப்படையின் வரலாற்றை விளங்கிக்கொள்ளத் திறவுகோலாகிறது.

1558-இல் மாலேயைக் கைப்பற்றிய போர்ச்சுகீசியரை, உதீமு தீவைச் சேர்ந்த முகமது தக்குருஃபானு தம் உடன்பிறந்தாரோடு சேர்ந்து, இரவில் தீவுகளைத் தாக்கிவிட்டு விடியுமுன் படகேறி மறையும் முறையில் பல ஆண்டுகள் போரிட்டு 1573-இல் வெளியேற்றினார். நிலையான படை ஒன்றை ஏற்படுத்தியவரும் அவரே என்பது அந்நாட்டு மரபு. அவருடைய வெற்றி கடலில் கிடைத்தது. எனினும் அவருக்குப் பின்வந்த சுல்தான்கள் கடல்வழியைக் காக்கும் வலிமையை வளர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1602-இல் கப்பலுடைந்து அங்கு ஒதுங்கி ஐந்தாண்டுகள் தங்க நேர்ந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், அணிகளாகப் பகுக்கப்பட்ட அரச வீரர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஆனால் 1607-இல் வங்கக் கரையிலிருந்து வந்த கப்பற்கூட்டம் மாலேயைச் சூறையாடி, பீரங்கிகளையும் அள்ளிச் சென்றபோது அந்த அணிகளால் அதைத் தடுக்க இயலவில்லை. மன்னரும் அத்தாக்குதலில் உயிரிழந்தார். 1752-இல் கண்ணூர் அலி ராஜாவின் ஆட்கள் சுல்தானைச் சிறைபிடித்து மாலேயைச் சில மாதங்கள் ஆண்டதும் இதே பலவீனத்தின் விளைவுதான்.

1887-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மாலத்தீவு பிரிட்டனின் பாதுகாப்புக்குட்பட்ட நாடானது. உள்நாட்டு ஆட்சி சுல்தானிடம் இருக்க, வெளிநாட்டு உறவும் பாதுகாப்பும் பிரிட்டன் வசமாயின. இன்றைய படை தன் தோற்றநாளாகக் கொண்டாடுவது 1892 ஏப்ரல் 21 ஆகும். கடலைக் காக்கும் பொறுப்பு அந்நியரிடம் சென்று சில ஆண்டுகளான பின்னர் பிறந்த படைக்கு அரண்மனையையும் தலைநகரையும் காப்பதைத் தவிர வேறு பணி இருந்திருக்க முடியாது.

கடற்போர் மீண்டும் அத்தீவுகளை நெருங்கியது இரண்டாம் உலகப் போரின்போதுதான். பிரிட்டிஷ் கடற்படை தென்கோடியிலுள்ள அத்து பவளத்தீவுக் கூட்டத்தில் மறைவிடத் தளம் ஒன்றை அமைத்தது. 1957 முதல் அங்குள்ள கான் தீவில் வான்படைத் தளமும் இயங்கியது. தளம் தந்த வேலைவாய்ப்பும் மாலேயின் கட்டுப்பாடுகள் மீதிருந்த மனக்கசப்பும் சேர்ந்து, 1959-இல் தெற்குத் தீவினரைத் தனிக் குடியரசு அறிவிக்கத் தூண்டின. பிரதமர் இப்ராகிம் நாசிரின் அரசு ஆயுதந்தாங்கிய படகோடு ஆட்களை அனுப்பிக் கிளர்ச்சியை ஒடுக்கியது. 1962-இல் தினதூ தீவின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். மாலேயின் படைவலி கடல் கடந்து செயற்பட்ட அரிய தருணம் இது. அது திரும்பியதோ சொந்தக் குடிகளின் மீது.

1965-இல் விடுதலை கிடைத்தது. 1976-இல் பிரிட்டிஷார் கானை விட்டு அகன்றனர். 1979-இல் ‘தேசியப் பாதுகாப்புச் சேவை’ எனப் பெயர் மாற்றப்பட்ட படை, காவல்துறைப் பணியையும் சேர்த்தே செய்தது. 1980-இல் கடலோரக் காவற்பிரிவு தொடங்கப்பட்ட போதிலும், அதன் போதாமையை 1988 நவம்பர் 3 வெளிப்படுத்தியது. அப்துல்லா லுத்துஃபி என்ற வணிகரின் ஆட்சிக் கவிழ்ப்புத் திட்டத்துக்காக, உமா மகேஸ்வரன் தலைமையிலிருந்த இலங்கையின் புளொட் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 80 பேர் படகுகளில் வந்து, விடியுமுன் யாரும் தடுக்காமல் மாலேயில் இறங்கினர். படைத் தலைமையகம் வீழாமல் நின்றது. குடியரசுத் தலைவர் மௌமூன் அப்துல் கயூமும் பிடிபடவில்லை. அன்றிரவே ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய வான்குடை வீரர்கள் ஹுல்ஹுலே விமானநிலையத்தில் இறங்கினர். பிணையாளிகளோடு சரக்குக் கப்பலில் தப்பியோடியவர்களை இந்தியப் போர்க்கப்பல்கள் மடக்கின. கட்டடத்தைக் காக்கத் தெரிந்த படைக்குக் கரையைக் காக்கத் தெரியவில்லை என்பதே அந்நாளின் பாடம். மறு ஆண்டு சிறு நாடுகளின் பாதுகாப்புக் குறித்து ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேற மாலத்தீவே முன்னின்றது. 1991-இல் இந்தியாவுடன் ‘தோஸ்தி’ என்னும் கடலோரக் காவல் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. 2012-இல் இலங்கையும் அதில் இணைந்தது.

படையின் அமைப்பை மாற்றிய அடுத்த நிகழ்வு எல்லையில் நேரவில்லை, சிறைக்குள் நேர்ந்தது. 2003 செப்டம்பரில் மாஃபுஷி சிறையில் கைதி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதை அடுத்து மாலேயில் கலவரம் வெடித்தது. 2004 செப்டம்பர் 1 அன்று காவல்துறை தனியே பிரிக்கப்பட்டது. எஞ்சிய படை 2006-இல் ‘மாலத்தீவு தேசியப் பாதுகாப்புப் படை’ ஆனது. அவ்வாண்டே இந்தியா ஐ.என்.எஸ். தில்லாஞ்சாங் என்ற ரோந்துக் கப்பலை வழங்க, அது ‘ஹுரவீ’ என்ற புதுப்பெயர் பெற்றது. இடையில், 2004 டிசம்பர் ஆழிப்பேரலை 80-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோது, தீவு தீவாகச் சென்று மீட்புப் பணி செய்யவும் இப்படையே தேவைப்பட்டது.

எனினும் பழைய அரண்மனைக் காவற்குணம் முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கொள்ள இடமில்லை. 2012 பிப்ரவரி 7 அன்று குடியரசுத் தலைவர் முகமது நஷீத் பதவி விலகிய நெருக்கடியில் முடிவை நிர்ணயித்த களங்களுள் ஒன்று படைத் தலைமையகம். 2017 ஜூலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தவர்களும் படைவீரர்களே. கடல்மேல் பறந்து கண்காணிக்கும் பணியோ இந்தியா வழங்கிய இரு ஹெலிகாப்டர்களையும் ஒரு டோர்னியர் விமானத்தையும், அவற்றை இயக்கிய இந்தியப் படையினரையும் சார்ந்தே நடந்தது. ‘இந்தியாவே வெளியேறு’ என்ற முழக்கத்தோடு 2023-இல் ஆட்சியைப் பிடித்த முகமது முயிசு, அவர்களைத் திரும்பப் பெறச் செய்தார். 2024 மே 10-க்குள் அவர்களுடைய இடத்துக்கு இந்தியக் குடிமைத் தொழில்நுட்பர்கள் வந்தனர். அதற்கு இரு மாதங்கள் முன்னர், துருக்கியிடம் வாங்கிய ஆளில்லா விமானங்களோடு நூனு பகுதியின் மாஃபரு தீவில் மாலத்தீவின் வான்படைப் பிரிவு தொடங்கப்பட்டது.