வைக்கோல் பாரமும் டிராக்டரும்: ஜவ்வாது மலையடிவாரத்து வரலாறு ஒன்று

வரலாற்றுத் துறையில் படித்தவன் என்பதால், மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள் நான் சம்புவராயர்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவர்கள் ஆண்ட படைவீடு ஜவ்வாது மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத நம்மில் வல்லவர்கள் பலர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது டிராக்டர். அதிலும் உழுகிற டிராக்டர் அல்ல, அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றி வரும் டிராக்டர். சிரிக்க வேண்டாம். போளூர், ஆரணி, செங்கம், ஆலங்காயம் பக்கத்து உழவர் வீட்டுப் பிள்ளைகளும் ஜமுனாமரத்தூர் மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த கல்லூரி இது. நம்மில் பாதிப் பேருடைய கல்லூரிக் கட்டணம் அந்த டிரெய்லர் பாரத்தின் மேல் உட்கார்ந்துதான் வந்தது.

மேல்நாட்டில் புல்லை வளர்த்து, அறுத்து, வெயிலில் உலர்த்தி, குளிர்காலத் தீவனமாகச் சேர்த்து வைக்கிறார்கள். அங்கே கோடையில் அது ஒரு திருவிழா போல. நமக்கு அந்த வேலை கிடையாது. நம் மாட்டுக்கு நெல் வைக்கோல், கேழ்வரகுத் தட்டு, மலையில் சாமைத்தாள். புல்லுக்கென்று தனி நிலம் ஒதுக்க நம்மவரிடம் நிலம் ஏது? மனிதன் தின்றது போக மிச்சத் தாளைத்தான் மாடு தின்றது. ஆனாலும் வேலை ஒன்றுதான்: காய வேண்டும், மழைக்கு முன் சேர்க்க வேண்டும், போராக வேய வேண்டும். ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறி வெந்து கருத்துப்போகும். அந்தப் பதம் தெரிந்தவர் ஊருக்கு நாலு பேர் இருந்தார்கள்.

டிராக்டர் வருவதற்கு முன் எப்படி நடந்தது என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். அறுத்த கதிரைக் கட்டாகக் கட்டித் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். முதலில் கட்டடிப்பார்கள். பிறகு தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மணிகளுக்காகக் களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். அதுதான் தாம்பு ஓட்டுவது. மாடு மிதித்த வைக்கோலை உதறி, கட்டை வண்டியில் ஏற்றி, வீட்டுக்குப் பின்னால் போர் போடுவார்கள். மாடு உழுதது, மாடு மிதித்தது, மாடே இழுத்து வந்தது, கடைசியில் அந்த வைக்கோலை மாடே தின்றது. வைக்கோல்தான் அன்றைய டீசல். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் நாட்டில் டிராக்டர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காடு திருத்தும் வேலைக்கு வந்துவிட்டது. சுதந்திரத்தை ஒட்டி மத்திய டிராக்டர் அமைப்பு, போரில் மிச்சமான வண்டிகளைக் கொண்டு தரிசு நிலங்களைத் திருத்தியது. அவையெல்லாம் பெரிய வண்டிகள், அரசாங்க வண்டிகள். சாதாரண உழவன் வாசலுக்கு வந்த வண்டிக்கு வேறு பூர்வீகம் உண்டு.

அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹாரி பெர்குசன் என்ற மெக்கானிக் ஒரு காரியம் செய்தார். அதுவரை கலப்பையை மாட்டுக்குக் கட்டுவதுபோலவே டிராக்டருக்கும் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்தார்கள். கலப்பை கல்லில் மாட்டினால் டிராக்டர் முன்பக்கம் எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும். பெர்குசன் மூன்று முனைகளில் கலப்பையைப் பிடித்து, ஹைட்ராலிக் மூலம் தூக்கி இறக்கும்படி செய்தார். மண் கலப்பையை இழுக்கும் விசையே பின்சக்கரத்தை அழுத்திப் பிடிக்க உதவியது. அதனால் கனமான வண்டி தேவையில்லாமல் போயிற்று. இன்று உலகத்தில் எந்த டிராக்டரை எடுத்தாலும் பின்னால் அந்த மூன்று கைகள் இருக்கும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டி.ஈ.20 என்ற சாம்பல் நிறக் குட்டி வண்டி 5 லட்சத்துக்கு மேல் தயாரானது. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததுகூட இந்த வண்டிகளில்தான். எவரெஸ்ட் ஏறியவரைத் துருவத்துக்கு இழுத்துப்போனது வைக்கோல் இழுக்கிற வண்டி!

1953இல் பெர்குசன் கம்பெனி மாசி ஹாரிஸ் கம்பெனியோடு இணைந்தது. பின்னர் வந்த சிவப்பு நிற எம்.எப்.35தான் நமக்குச் சொந்தக்காரர். சென்னையில் 1840இல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகத் தொடங்கிய சிம்சன், 1950களில் பெர்கின்ஸ் டீசல் என்ஜின் தயாரித்துக்கொண்டிருந்தது. அந்தக் குழுமத்தை நடத்திய எஸ். அனந்தராமகிருஷ்ணன் காலத்தில், 1960இல் மாசி பெர்குசன் கூட்டுறவோடு டாபே நிறுவனம் தொடங்கப்பட்டது. செம்பியம் தொழிற்சாலையிலிருந்து வண்டிகள் வெளிவந்தன. மூன்று சிலிண்டர் 1035 மாடலைத்தான் நம் பக்கத்தில் 'மாசி' என்றும் 'பெர்குசன்' என்றும் செல்லமாக அழைத்தார்கள். 1961-62இல் இந்தியா முழுவதும் தயாரான டிராக்டர் வெறும் 880. 2022-23இல் உள்நாட்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் விற்றன.

வட ஆற்காட்டில் டிராக்டர் பரவியது பம்ப்செட்டுக்குப் பின்னால்தான். பசுமைப் புரட்சியைப் பற்றி நம் மாவட்டத்துக் கிராமங்களை வைத்தே உலகம் படிக்கும் இரண்டு புத்தகங்கள் வந்திருக்கின்றன என்பது நம் மாணவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பி.எச். பார்மர் தொகுத்தது 1977இல் வந்தது. பீட்டர் ஹேசலும், பின்னாளில் கோவை வேளாண் பல்கலைக்கழகத் துணைவேந்தரான சி. இராமசாமியும் சேர்ந்து எழுதியது 1991இல் வந்தது. முதல் புத்தகத்தின் காலத்தில் புதிய நெல் எதிர்பார்த்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்த இரண்டாவது புத்தகம், சிறு விவசாயிகளும் கூலிக்காரர்களும்கூட ஓரளவு பயனடைந்ததாகக் கண்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒரே மாவட்டம், பத்தே ஆண்டு, இரண்டு விதமான செய்தி.

டிராக்டர் வாங்கியவர் பெரும்பாலும் தன் நிலத்துக்காக மட்டும் வாங்கவில்லை. நில வள வங்கியில் கடன் வாங்கினால் தவணை கட்ட வேண்டாமா? ஊரார் நிலத்தை மணிக்கணக்கில் உழுது, களத்தில் தாம்பு ஓட்டி, வைக்கோல் பாரம் அடித்துத்தான் கடன் அடைத்தார்கள். உழவு ஓட்டுவது சில வாரம். டிரெய்லர் ஓடுவது வருஷம் பூராவும். எரு, செங்கல், கரும்பு, வைக்கோல், கல்யாணத்துக்குப் பந்தல் சாமான், எல்லாம் அதில்தான்.

களத்தில் கதிரைப் பரப்பி, டிராக்டரைச் சின்ன கியரில் வட்டமாக ஓட்டினால் பத்து மாடு செய்கிற வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். கவைக்கோலால் தாளைப் புரட்டிக்கொண்டே நாலு பேர் பின்னால் ஓட வேண்டும். "டயர் மெதிச்ச வைக்கோல்ல டீசல் நாத்தம் அடிக்குதுடா, மாடு மூஞ்ச திருப்பிக்குது" என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடு திருப்பியதோ இல்லையோ, அடுத்த வருஷம் அதே பெரியவர்கள் "நைனா, நம்ம களத்துக்கு மொதல்ல வண்டிய வுடுப்பா" என்று விடியற்காலையிலேயே வந்து நிற்பார்கள்.

பாரம் ஏற்றுவது தனிக் கலை. டிரெய்லரின் நாலு பக்கமும் மூங்கில் கழி நட்டு, ஓரத்தை முதலில் கட்டி, பிறகு நடுவை நிரப்ப வேண்டும். நடுவை முதலில் நிரப்பினால் வழியில் சரிந்துவிடும். மேலே ஒருவர் நின்று மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நானும் அந்த மிதி மிதித்தவன்தான். வைக்கோல் சுணை கழுத்தில் பட்டு, கல்லூரிக்குச் சொறிந்துகொண்டே வந்த தோழர்கள் என்னைத் தவிரவும் சிலர் உண்டு. கடைசியில் நீளவாட்டில் கயிறு போட்டு, கீழே இரண்டு பேர் தொங்கி இறுக்கினால்தான் பாரம் நிற்கும்.

இதில் ஆபத்து இரண்டு. ஒன்று மேலே தொங்கும் மின்கம்பி. தாழ்ந்த கம்பியில் பாரம் உரசிப் பொறி விழுந்தால் தீர்ந்தது, வண்டியோடு எரியும். நாலு பேர் கழியால் கம்பியைத் தூக்கிப் பிடித்து வண்டியை விடுவார்கள். அது அதைவிட ஆபத்து. பச்சை மூங்கிலிலும் ஈரக் கழியிலும் மின்சாரம் பாயும் என்பதை மாணவர்கள் வீட்டில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆபத்து மலைப்பாதை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறியவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். வைக்கோல் எடை குறைவு, ஆனால் உயரம் அதிகம். வளைவில் பாரம் வெளிப்பக்கம் சாயும். டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது. இறக்கத்தில் டிராக்டரை அது பின்னாலிருந்து தள்ளும். டிராக்டரில் இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரேக் பெடல். வயலில் திரும்ப அது வசதி. சாலையில் இரண்டையும் சேர்த்துப் பூட்டாமல் ஒன்றை மட்டும் அழுத்தினால் வண்டி அப்படியே திரும்பிக்கொள்ளும். "ஏறுன கியர்லயே எறங்கு, நூட்டல்ல வுட்டா எமன்தான்" என்பது பழைய டிரைவர்கள் பாடம். ஏற்றத்தில் கொக்கி தாழ்வாக இருக்க வேண்டும். உயரத்தில் மாட்டினால் முன்சக்கரம் எழும்பும். பெர்குசன் கலப்பைக்குத் தீர்த்துவைத்த பிரச்சினை டிரெய்லர் கொக்கியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

பாரத்தின் மேல் ஆள் ஏறக் கூடாது என்பது சட்டம். சரக்கு வண்டியில் போகிற பயணிக்கு இன்சூரன்சும் கைகொடுக்காது. ஆனால் பஸ் போகாத மலைக் கிராமத்துக்காரர் எதில் போவார்? 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கம், புதூர்நாடு அருகே சேம்பரை கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அது டிராக்டர் அல்ல என்று வாதாடலாம். காரணம் ஒன்றுதான். சரக்குக்கு வந்த வண்டி மனிதருக்கும் ஒரே வண்டியாக இருக்கிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் மலை பிரிந்து கிடப்பதால், எந்த அலுவலகத்தில் பஸ் கேட்பது என்பதே மலைவாசிகளுக்கு ஒரு கேள்வி. 1989 செப்டம்பர் 30 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடுதான்.

மலைக்குள் டிராக்டர் கதை வேறு மாதிரி. சாமை விளையும் சரிவுகள் சிறியவை, கல் நிறைந்தவை. குறுக்கே ஓட்டினால் வண்டி சாயும். அங்கே ஏர் மாடு இன்னும் வேலை செய்கிறது. சமவெளியில் பெர்குசன் தோற்கடித்த மாடு, மலையில் பெர்குசனை ஜெயித்து நிற்கிறது என்று சொன்னால் தப்பில்லை. டிராக்டர் அங்கே உழுததைவிட ஏற்றி இறக்கியதே அதிகம்.

சமவெளியில் 1990களுக்குப் பிறகு கதிரறுக்கும் எந்திரம் வந்தது. 'பெல்ட் வண்டி', 'டயர் வண்டி' என்று நம்மவர் பெயர் வைத்தார்கள். களம் காணாமல் போயிற்று. அறுத்த தாளை எந்திரம் வயலிலேயே சிதறவிட்டுப் போனதால், வாரிச் சேர்க்கக் கூலி கட்டாமல் பலர் தீ வைத்தார்கள். பிறகு டிராக்டருக்குப் பின்னால் மாட்டி வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் எந்திரம் வந்தது. இப்போது வைக்கோல் உருளையாகக் கட்டப்பட்டு லாரியில் ஏறுகிறது, கேரளம் வரை போகிறது. ஏர் மாடு போனபின் வைக்கோலுக்கு மதிப்பே இருக்காது என்று நினைத்தோம். பால் மாடு வந்து அதற்கு விலை ஏற்றிவிட்டது. என் அபிப்பிராயத்தில், டிராக்டர் மாட்டை ஒழித்தது என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது பாதி உண்மைதான். அது எருதை அனுப்பிவிட்டுப் பசுவுக்குத் தீவனம் சுமக்கிறது. கூலிக்காரர் கணக்கு தனி. கட்டடித்த கைகளுக்குக் களத்திலேயே நெல்லாகக் கூலி கிடைத்தது. களம் போனதும் அந்த நெல்லும் போயிற்று. இதை எந்தப் புத்தகமும் நம் ஊர்ப் பெண்களிடம் உட்கார்ந்து முழுதாகக் கேட்டு எழுதவில்லை என்பது என் குறை.

மேல்நாட்டில் இந்தப் பழைய வண்டிகளுக்குச் சங்கம் வைத்து, சாயம் பூசி, கண்காட்சி நடத்துகிறார்கள். நம் ஊரில் பழைய மூன்றெழுத்துப் பதிவெண்ணோடு 1035 ஒன்று இன்னும் வைக்கோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. பம்ப் மாற்றி, டயர் மாற்றி, சீட்டுக்குச் சாக்கு போட்டு ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டியின் ஆர்.சி. புத்தகம், நில வள வங்கிக் கடன் பாஸ்புக், வாடகைக் கணக்கு எழுதிய நோட்டு, களத்தில் எடுத்த போட்டோ, எது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தாலும் தூக்கிப் போட வேண்டாம். இந்தச் சந்திப்புக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறோம். மலைக் கிராமத்து நண்பர்கள், முதல் டிராக்டர் தங்கள் ஊருக்கு எந்த வழியாக, என்ன ஏற்றிக்கொண்டு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இரண்டு பக்கம் எழுதித் தந்தாலும் போதும்.